வளைத்து நிறுத்தலும் எய்யாமையும்: கபிலர் பாடல்களிலும் கண்ணப்ப நாயனார் புராணத்திலும் வேட்டைநாய்

ஆய்வுச்சுருக்கம்

நாய்களை ஏவி விலங்கைத் துரத்துவதும், அது மேலும் ஓட இயலாத இடத்தில் அதனை வளைத்து நிறுத்துவதும், அதன் பின்னர் வேட்டுவன் வந்து சேர்வதும் உலகின் பல பகுதிகளில் வழங்கும் வேட்டை முறையாகும். இம்முறையில் விலங்கு நிற்பதற்கும் படைக்கலம் செல்வதற்கும் இடையே சிறிது நேரம் கிடைக்கிறது. தமிழ் இலக்கியத்தின் மூன்று வேட்டைக் காட்சிகள் இந்த இடைநேரத்தையே மையமாகக் கொண்டுள்ளன என்பதும், அம்மூன்றிலும் உவமை அந்நேரத்தில் நுழைந்து படிப்பவரின் பார்வையை மாற்றியமைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் அகநானூற்றின் 248ஆம் பாடலும் சேக்கிழாரின் கண்ணப்ப நாயனார் புராணமும் முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேட்டைநாய், கபிலர், குறிஞ்சித்திணை, உள்ளுறை, சேக்கிழார், வேட்டை அறம், தொண்டை நாடு.

1. முன்னுரை

சங்க இலக்கிய வேட்டையைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றைச் சென்றடைகின்றன. வேட்டை மறத்தின் வெளிப்பாடு என்பது ஒன்று. உணவு தேடும் பழங்குடி வாழ்வின் எச்சம் என்பது மற்றொன்று. இரண்டிலும் வேட்டுவனே நடுவிடம் பெறுகிறான். அவனுடன் செல்லும் நாய் பின்புலமாக ஒதுங்கிவிடுகிறது. இலக்கண மரபும் இதற்குத் துணைபோயிருக்கிறது. நம்பியகப்பொருள் பாலைக்குரிய விலங்காகச் செந்நாயைச் சுட்டுகிறது. மனிதனுடன் வாழும் வேட்டைநாய்க்குக் கருப்பொருள் பட்டியலில் இடமில்லை. காட்டு விலங்குகளோடும் சேராமல், மக்களோடும் சேராமல் அது இடையில் நிற்கிறது.

தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி இங்குக் கருதத்தக்கது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரை அது வகுக்கிறது. பன்றி, புல்வாய், நாய் ஆகிய மூன்றன் பெண்ணுக்கும் பிணவு என்னும் பெயர் பொருந்தும் என்கிறது. துரத்தும் விலங்கும் துரத்தப்படும் விலங்குகளும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. வேட்டைக்களத்தின் இரு தரப்பையும் மொழி இவ்வாறு ஒருங்கே வைத்திருக்கிறது. கவிஞர்கள் அவ்விரு தரப்புகளுக்கும் இடையே படிப்பவரை எவ்வாறு இடம் மாற்றுகின்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. வேட்டை முறையும் அதன் இடைநேரமும்

இலக்கியக் காட்சிகளுக்குள் செல்லுமுன் நாய்கொண்டு வேட்டையாடும் முறையின் இயக்கத்தை அறிந்துகொள்வது தேவை. அம்முறை மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள களங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா போன்ற மாநிலங்களின் வறண்ட பாறை நிலங்களில் பூமா எனப்படும் மலைச்சிங்கம் நாய்களைக் கொண்டு வேட்டையாடப்படுகிறது. பனி இல்லாத வறண்ட தரையில் கால்தடம் எளிதில் தெரிவதில்லை. வெயில் ஏற ஏற மோப்பமும் கலைந்துவிடும். எனவே நாய்கள் விடியற்பொழுதிலேயே மோப்பத்தைப் பற்றிச் செல்ல வேண்டும். பூமா குறுந்தொலைவில் விரைந்து ஓடக்கூடியது. நெடுந்தொலைவு ஓடும் ஆற்றல் அதற்கு இல்லை. நாய்கள் நெருங்கியதும் அது மரத்திலோ பாறை விளிம்பிலோ ஏறி நின்றுவிடும். நாய்கள் கீழே நின்று குரைக்கும். வேட்டுவன் அக்குரலைக் கேட்டு வந்து சேர்வான்.

இங்கு நாயின் பணி கொல்லுதல் அன்று, நிறுத்துதல். கொல்வதா வேண்டாவா என்னும் முடிவு அதன் பின்னரே பிறக்கிறது. நிற்கும் விலங்கு ஆணா பெண்ணா, குட்டிகள் உடையதா என்று நோக்குவதற்கு நேரம் கிடைக்கிறது. புள்ளி மாறாத குட்டிகளோடு திரியும் தாயைக் கொல்லலாகாது என்னும் விதி மேற்கு மாநிலங்கள் பலவற்றில் உண்டு. அவ்விதியைக் கடைப்பிடிக்க இந்நேரம் உதவுகிறது என்பர் இம்முறையை ஆதரிப்போர். ஓட வழியற்று நிற்கும் விலங்கை எய்வது நேர்மையன்று என்பர் எதிர்ப்போர். ஓரிகன் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டிலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டிலும் மக்கள் வாக்கெடுப்பின் வழியே நாய்கொண்டு பூமாவை வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டது. கலிபோர்னியா 1990ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பூமா வேட்டையையே விலக்கியது. இதே இடைநேரம் அறிவியலுக்கும் பயன்பட்டிருக்கிறது. 1960களில் ஐடஹோ மாநிலத்தில் மாரிஸ் ஹார்னாக்கர் நாய்களைக் கொண்டு பூமாக்களை மரத்தில் ஏற்றி, மயக்கி, அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விட்டு ஆராய்ந்தார். துரத்தலும் நிறுத்தலும் மாறவில்லை. முடிவு மட்டும் மாறியது.

ஆகவே, இவ்வேட்டை முறையின் அறம் சார்ந்த வழக்கு முழுவதும் ஒரு சிறு பொழுதில் குவிகிறது. இதனை இக்கட்டுரை 'வளைத்து நிறுத்தல்' என்று குறிக்கிறது. அப்பொழுதில் படைக்கலத்தைச் செலுத்தாமல் விடும் செயலை 'எய்யாமை' என்று குறிக்கிறது.

3. புலிக்கு அடார், பன்றிக்கு நாய்

தமிழ் நிலத்தில் இம்முறை எவ்விலங்கின்மேல் செலுத்தப்பட்டது? பெருவிலங்காகிய புலிக்குச் சங்கப் பாடல்கள் காட்டும் கருவி அடார் என்னும் கற்பொறி. புறநானூற்றின் 19ஆம் பாடலில் குடபுலவியனார், தலையாலங்கானத்துப் பாண்டியனின் போர்த்திறத்தைப் புலிக்கு அமைத்த பெருங்கல் அடாரோடு ஒப்பிடுகிறார். நற்றிணையின் 119ஆம் பாடலில் தினை தின்னும் பன்றிக்காகப் புனவன் வைத்த அடாரில் புலி அகப்படுகிறது. நாயோ வேறு விலங்குகளின்மேல் ஏவப்படுகிறது. அகநானூறு 182இல் கபிலர் காட்டும் குறவன், வலிய நாய்கள் பின்வரச் சென்று முள்ளம்பன்றியை வீழ்த்துகிறான். நற்றிணை 82இல் நாய்கள் பற்றிய பன்றியைக் கானவர் மீட்டுக்கொள்கின்றனர். புறநானூறு 33இல் கோவூர்கிழார் காட்டும் வேட்டுவன் சினம்மிக்க நாயை உடையவன். அவன் கொணரும் மான்தசை நெல்லுக்கு மாற்றாகிறது.

இப்பகுப்புக்கு விலங்கியல் அடிப்படை ஒன்றைக் கருதலாம். நாய்க்கூட்டத்தைக் கண்டு மரமேறித் தங்குவது பூமாவின் இயல்பு. புலி அவ்வாறு செய்வதில்லை. சிறுத்தை மரமேறும், ஆயின் நாயையே இரையாகக் கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. நாய்களால் வளைத்து நிறுத்தத்தக்க வலிய விலங்கு இந்நிலத்தில் பன்றியே. அது ஓடிக் களைத்தபின் பாறையிடுக்கையோ புதரையோ புறத்தே கொண்டு திரும்பி நின்று எதிர்க்கும். அமெரிக்கப் பாறை நிலத்தில் பூமா பெறும் இடத்தைத் தமிழ்க் குறிஞ்சியில் ஆண்பன்றி பெறுகிறது.

வறண்ட நிலத்து நாய்வேட்டைக்குப் பெரும்பாணாற்றுப்படை சிறந்த சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. அது காட்டும் சுரத்தில் கானவர் நள்ளிரவில் நீர்நிலையருகே குழிக்குள் ஒளிந்து பன்றியின் வரவை நோக்கியிருக்கின்றனர். அவ்வேட்டை வாய்க்காவிடின் பகலில் நாய்களோடு சென்று புதர்களை அலைத்து, வேலியில் வலைகளைத் தொடுத்து, முயல்கள் தப்ப வழியின்றி வளைத்துக்கொள்கின்றனர். நாய், வலை, வளைப்பு என்னும் மூன்று உறுப்புகளும் இங்கு முழுமையாக உள்ளன. ஆயினும் இது பசிக்கான வேட்டை. கிடைத்ததைக் கூட்டமாக உண்பதில் முடிகிறது. இதில் எய்யாமைக்கு இடமில்லை. எனவே சங்க வேட்டை முழுவதையும் அருள் சார்ந்ததாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய பொது வழக்கத்தின் நடுவே கபிலர் ஏன் வேறொன்றைத் தேர்ந்தார் என்பதே வினா.

இந்நாய்களை இன்றைய இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களோடு நேரடியாக இணைத்துக் காணும் போக்கு பொதுவெளியில் மிகுந்துள்ளது. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது அதன் புகழுக்குச் சான்று. ஆயினும் ஞமலி என்றும் வயநாய் என்றும் பாடல்கள் குறிப்பவை செயலையும் வலிமையையும் காட்டுவன. அவற்றிலிருந்து இனத்தை வரையறுக்க இயலாது. கன்னியும் சிப்பிப்பாறையும் வெட்டவெளியில் கண்ணால் கண்டு துரத்துபவை. புதரலைத்து வளைப்பது வேறொரு திறன். இனப்பெருமை தேடும் வாசிப்பு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

4. குறிஞ்சிப்பாட்டு: குரைப்பை அடக்கியவன்

குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். தலைவி ஒருவனை எவ்வாறு சந்தித்தாள் என்று விளக்குமிடத்தில் வேட்டைநாய்கள் வருகின்றன. தினைப்புனம் காத்து, அருவியாடி, பூக்கொய்து, அசோக நிழலில் இருந்த மகளிரை அவை சூழ்ந்துகொள்கின்றன. பகைவரைப் புறங்கண்ட வேலேந்திய இளைஞரைப் போன்று அவை சினந்து நெருங்கின என்பது உவமை. மகளிர் நடுங்கி எழுகின்றனர், அடி தளர்கின்றனர், வேறிடம் செல்ல முயல்கின்றனர்.

இங்கு நிகழ்ந்திருப்பது வளைத்து நிறுத்தலே. வேட்டை விலங்கின் இடத்தில் மகளிர் நிற்கின்றனர். தலைவன் அங்கு வந்து சேரும் முறையும் நாயின் பின்னே வரும் வேட்டுவனின் முறையே. அடுத்து அவன் செய்வனவற்றைக் கபிலர் நிரல்படக் காட்டுகிறார். அவர்கள் வெருவுவதற்குத் தான் அஞ்சி, மென்மையும் இனிமையும் உடைய சொற்களைப் பேசுகிறான். தன்னிடமிருந்து தப்பிய விலங்குகளைக் கண்டீரோ என்று வினவுகிறான். மறுமொழி இல்லை. பின்னர்ப் பூத்த கிளையொன்றைப் பிளந்து ஓச்சி நாய்களின் கடுங்குரலை அடக்குகிறான். அவர்கள் சொல்லப்போகும் சொல்லை எதிர்நோக்கி நிற்கிறான்.

இந்நிரலில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, வில்லேந்தி வந்தவன் கையில் இப்போது பூங்கிளை இருக்கிறது. இரண்டாவது, நிறுத்தப்பட்டவர் யார் என்பதே மாறிவிடுகிறது. நாய்கள் அடங்கியபின் நிற்பவன் தலைவன். முடிவு சொல்ல வேண்டியவர்கள் மகளிர். வளைத்து நிறுத்தலால் கிடைத்த நேரத்தை அவன் தனக்கெனக் கொள்ளாமல் எதிர்த்தரப்புக்கு அளித்துவிடுகிறான்.

இக்காட்சி செவிலியின் முன் வைக்கப்படும் வாதம் என்பதை மறக்கலாகாது. தலைவன் மணத்திற்குரியவன் என்று தோழி நிறுவ வேண்டும். அதற்கு அவனது வீரத்தைக் காட்டப் பின்னர் வரும் யானை நிகழ்ச்சி போதும். அதற்கு முன்பே அவள் நாய் நிகழ்ச்சியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலிமை உடையவன் என்பதோடு, வலிமை கையில் இருந்தபோது அதை அடக்கியவன் என்பதும் தாய்க்குத் தெரியவேண்டும். இந்தப் பெண்ணுக்கு இவனால் தீங்கு நேராது என்பதற்கு அடங்கிய நாய்களே சான்று.

5. அகநானூறு 248: திரும்பிச் சென்ற இருவர்

அகநானூற்றின் 248ஆம் பாடலும் கபிலருடையது. இதில் வளைத்து நிறுத்தல் அதன் இயல்பான களத்திலேயே நிகழ்கிறது. நாய்களும் இளையரும் பன்றிக் குடும்பம் ஒன்றைத் துரத்துகின்றனர். ஆண்பன்றி வலிய நாயைத் தாக்குகிறது, குட்டிகளைக் காக்கிறது, இளையர் நெருங்காதவாறு தடுக்கிறது. பெண்பன்றி சுற்றத்தோடு காட்டிற்குள் விலகிச் செல்ல வழிசெய்தபின், குறுகிய இடுக்கொன்றில் ஆளை நோக்கித் தனியே நிற்கிறது. கானவன் அம்பு தொடுத்து அணுகுகிறான். அப்போது ஒரு நினைவு எழுகிறது. தன் படை பின்வாங்கியபோதும் தான் பின்வாங்காமல் அரிய வழியை மறித்து நின்ற எம் தலைவனைப் போன்றது இப்பன்றி என்று எண்ணுகிறான். அம்பைச் செலுத்தாமல் திரும்புகிறான்.

குறிஞ்சிப்பாட்டின் உவமையை இதனருகே வைத்து நோக்க வேண்டும். அங்கு நாய்கள் வென்ற வீரர். இங்குப் பன்றி தோல்வியின் நடுவே நிற்கும் தலைவன். இரண்டும் போர்க்கள உவமைகளே. ஆனால் கவிஞர் எந்தத் தரப்புக்கு உவமையைத் தருகிறாரோ அந்தத் தரப்பே படிப்பவரின் கண்ணாகிவிடுகிறது. நாய்களுக்குத் தந்தபோது அச்சம் பெருகுகிறது. பன்றிக்குத் தந்தபோது மதிப்புப் பெருகுகிறது. கானவனும் இங்கு ஒரு வாசகனைப் போன்றவனே. உவமை அவன் உள்ளத்தில் தோன்றுகிறது; தோன்றியதும் கை நின்றுவிடுகிறது.

இக்காட்சி தலைவனது நாட்டின் அடைமொழியாக வருவது. அடைமொழிக்குள் அடங்கும் உவமையைத் தலைவனின் மறம் அல்லது அவன் நாட்டின் வளம் சார்ந்ததாகக் கொண்டு கடந்துவிடுவது எளிது. ஆனால் பாடலின் பிற்பகுதி அதற்கு இடந்தரவில்லை. இரவில் தலைவியைக் காணவந்த தலைவன் வீட்டருகே நிற்கிறான். செறிந்த புதர்களில் சிக்கியதால் அவன் மாலை அறுந்து சரிந்திருக்கிறது. அது காளையின் திமிலில் கிடக்கும் கயிறு போல அசைகிறது. அவனை அன்னை கண்டுவிடுகிறாள். உடனே தோழியின் முகத்தை நோக்குகிறாள், அவளை 'நல்லவள்' என்னும் பொருள்படச் சொல்லி நகைக்கிறாள், திரும்பிச் சென்றுவிடுகிறாள்.

கானவன் திரும்பியதையும் அன்னை திரும்பியதையும் கபிலர் ஒரே வினையின் இரு வடிவங்களால் சொல்கிறார். பெயர்தல் என்னும் அவ்வினை பாடலின் இரு பகுதிகளையும் கட்டும் முடிச்சு. முற்பகுதியில் இடுக்கில் அகப்பட்ட பன்றி. பிற்பகுதியில் கயிறு பூண்ட காளையைப் போல் அகப்பட்ட தலைவன். முற்பகுதியில் அம்பு தொடுத்த கானவன். பிற்பகுதியில் சொல்லால் சுடக்கூடிய அன்னை. இருவரும் குறி தம்முன் நிற்க, எய்யாது விலகுகின்றனர்.

உள்ளுறையை இவ்வாறு கொண்டால் அன்னையின் நகைப்புப் புதிய பொருள் பெறுகிறது. அது ஏளனம் மட்டுமாயின் அவள் பார்த்ததையும் பேசாது சென்றதையும் விளக்க இயலாது. கானவன் பன்றியிடம் கண்டது சுற்றத்தைக் காக்கும் உறுதி. அன்னை தலைவனிடம் எதிர்பார்ப்பதும் அதுவே. இன்று நீ தப்பினாய். காத்து நிற்பவன் என்று மெய்ப்பித்துக் கொள் என்பது அவள் சொல்லாமல் சொன்னது. தோழி இதனைத் தலைவன் செவிப்படச் சொல்வதால் மணத்தை விரைவுபடுத்தும் நோக்கமும் நிறைவேறுகிறது. எய்யாமை இங்கு இரக்கமாகச் சுருங்கவில்லை. விடப்பட்டவன்மேல் அது ஒரு கடமையைச் சுமத்துகிறது.

குறிஞ்சிப்பாட்டில் செவிலி, இப்பாடலில் அன்னை என இரு காட்சிகளிலும் தீர்ப்புக்குரியவள் தாயே என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நாய்வேட்டையின் இடைநேரம் கபிலருக்குக் களவுக்கும் கற்புக்கும் இடைப்பட்ட நேரத்தின் வடிவமாக அமைந்திருக்கிறது.

6. சேக்கிழாரின் நாய்: தடையும் தப்பலும்

சங்கக் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் கடந்து, 12ஆம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இம்முறையின் மிக விரிவான சித்திரம் கிடைக்கிறது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்த திண்ணனாரின் முதல் வேட்டை அது. ஊரைப் பற்றிய முதற் காட்சியிலேயே நாய்கள் உள்ளன. விளாமரங்களில் அவை கட்டப்பட்டிருக்கின்றன. கிளைகளில் வலைகள் தொங்குகின்றன. பிற விலங்குகளைப் பிடிக்கப் பழக்கிய பார்வை விலங்குகள் நிற்கின்றன. பாறை முற்றத்தில் மலைநெல் உலர்கிறது. பாறையும் வறட்சியும் நிறைந்த மலைநாட்டின் வேட்டைத்தொழில் முழுவதும் ஒரே செய்யுளில் அடங்கிவிடுகிறது.

வேட்டையின் நடுவே சேக்கிழார் வேட்டுவரின் நெறியைச் சொல்கிறார். யானைக்கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்துவதில்லை. கபிலர் பாடலோடு இதனை ஒப்பிடுவது பயன்தரும். அங்குப் பன்றி தன் குட்டிகளையும் துணையையும் தானே காத்தது. அதன் நிலையைக் கண்டு ஒரு கானவன் ஒருமுறை அம்பை அடக்கினான். இங்கு அதே குட்டிகளும் கருவுற்றவையும் வேட்டுவக் குடியின் பொது விதியால் காக்கப்படுகின்றன. ஒரு சந்திப்பில் பிறந்த அறம் இங்குக் குடியின் ஒழுக்கமாக நிலைபெற்றிருக்கிறது. விலங்கு தன்னை மெய்ப்பிக்க வேண்டிய தேவை இங்கில்லை. முன்னர்ச் சுட்டிய அமெரிக்க மாநில விதியும் இவ்வகைப்பட்டதே.

அடுத்து, வலைகளை நுழைந்து தப்பும் விலங்குகளை நாய்கள் சினந்து தடுக்கும் காட்சி வருகிறது. இங்குச் சேக்கிழார் தரும் உவமை வியப்புக்குரியது. இருவினையாகிய வலைக்குள் சுழல்பவர் நன்னெறி சேர முயலும்போது அவர்தம் மனத்தை இடைமறிக்கும் பொறிகளைப் போன்றவை அந்நாய்கள் என்கிறார். போர்க்கள உவமையின் இடத்தைத் தத்துவ உவமை பெறுகிறது. நாய்கள் ஐம்பொறிகள் எனின், தப்பியோடும் விலங்கு வீடுபேற்றை நாடும் உயிர். திண்ணனாரின் வெற்றியை எதிர்பார்த்துப் படிப்பவர் இவ்வொரு செய்யுளில் தம்மையறியாமல் விலங்கின் பக்கம் வந்துவிடுகிறார். அது தப்ப வேண்டும் என்று விழைகிறார்.

அவ்விழைவை நிறைவேற்றுவது போலவே ஒரு பன்றி வலைகளை அறுத்துத் தப்புகிறது. நாய்களையும் வேட்டுவக் கூட்டத்தையும் பின்னே விட்டு நெடுந்தொலைவு ஓடுகிறது. திண்ணனாரும் நாணனும் காடனும் மட்டுமே தொடர்கின்றனர். இறுதியில் களைத்து மரநிழலில் நின்ற அதனைத் திண்ணனார் அம்பெய்யாமல் நெருங்கி, உடைவாளால் வீழ்த்துகிறார். வளைத்து நிறுத்த நாய்கள் இல்லை, இடைநேரமும் இல்லை. கொலை உடனே நிகழ்ந்துவிடுகிறது. ஆயின் அப்பன்றி ஓடிய வழியே அவரைத் திருக்காளத்தி மலையின் அருகே கொண்டுசேர்த்திருக்கிறது. பொறிகளைக் கடந்த ஒன்றைத் தொடர்ந்து சென்றவர், பொறிகள் எட்டாத இடத்தை அடைகிறார்.

அதன்பின் நிற்பவர் வேட்டுவரே. குடுமித்தேவரைக் கண்டபின் திண்ணனார் அவ்விடம் விட்டுப் பெயர இயலாதவராகிறார். இரவு முழுவதும் கொடிய விலங்குகள் அணுகாதவாறு வில்லேந்திக் காவல் நிற்கிறார். கபிலரின் பன்றி இடுக்கில் நின்று சுற்றத்தைக் காத்தது. சேக்கிழாரின் வேட்டுவர் மலையில் நின்று இறைவனைக் காக்கிறார். வளைத்து நிறுத்தப்படுவது இங்கு அன்பின் வடிவம்.

7. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, அகநானூறு 248இன் எய்யாமை ஒரே பாடலில் மட்டும் காணப்படுவது. அதைக்கொண்டு கபிலரின் நோக்கை வரையறுக்கலாமா என்பது. அகநானூறு 182இல் அதே கபிலர் முள்ளம்பன்றி குருதி சிந்த வீழ்வதைப் பாடியுள்ளார் என்பது உண்மை. ஆனால் அங்கு நாய்கள் பின்வருகின்றன, விலங்கு திரும்பி நின்ற பொழுது காட்டப்படவில்லை, உவமையும் நுழையவில்லை. நின்ற பொழுதைக் கபிலர் விரித்துக்காட்டும் குறிஞ்சிப்பாட்டிலும் 248ஆம் பாடலிலும் வலிமை அடக்கப்படுகிறது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இரண்டாவது, வேட்டை அறத்தைத் தேடும் இம்முயற்சி, புலால் மறுப்பு சார்ந்த பிற்கால விழுமியங்களைச் சங்கப் பாடலின்மேல் ஏற்றுகிறதா என்பது. 248இன் கானவன் கொல்லாமை நோன்பு பூண்டவன் அல்லன். நாளை அவன் மீண்டும் வேட்டைக்குச் செல்வான். அவனது எய்யாமை வேட்டைக்கு வெளியே இருந்து வந்த கட்டளையும் அன்று. விலங்கை அணுகி அறிந்த வேட்டுவனுக்கே வாய்க்கும் மதிப்பு அது. இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால் வேட்டுவரை மறவராகப் போற்றவோ கொடியவராகத் தள்ளவோ மட்டுமே திறனாய்வுக்கு இயலும்.

8. காடு என்னும் பெயரிலிருந்து

இவ்வேறுபாடு இன்றைய வாழ்விலும் பொருளுடையது. இக்கட்டுரையாளர் வளர்ந்த சாத்தாங்காடு, திருவொற்றியூரை அடுத்து இரும்பு எஃகுச் சந்தையால் அறியப்படும் பகுதி. ஆலங்காடு, வேற்காடு, பழவேற்காடு என்று தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்களில் தங்கியுள்ள காடு, இங்குப் பெயரளவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. திருவொற்றியூரும் காளத்தியும் சேக்கிழார் பாடிய தலங்களே. கலியநாயனாரின் ஊருக்கும் கண்ணப்பரின் மலைக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பெரும்பாணாற்றுப்படையின் கானவர் திரிந்த சுரமும் இந்நாட்டு எல்லைக்குள் விரிந்ததே.

இந்நிலப்பரப்பில் வேட்டையறிவை இன்றும் கைக்கொண்டிருப்போருள் இருளர் முதன்மையானவர். எண்ணூர், பழவேற்காட்டுக் கழிகளில் வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் அவர்களுள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் வணிகத் தடையும் அவர்தம் பழந்தொழிலை நிறுத்தின. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வறிவுக்கு வேறொரு முடிவை அளித்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பிடித்துவரப்படும் பாம்புகளிடம் நஞ்செடுக்கப்படுகிறது. பின்னர் அவை மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. தடமறிதலும் அணுகுதலும் பிடித்தலும் மாறவில்லை. கொலை மட்டும் நீங்கியது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவில் மலைப்பாம்புகளைத் தேடும் பணிக்கு அழைக்கப்பட்டதும், 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் இவ்வறிவின் மதிப்பை உலகறியச் செய்தன. 248ஆம் பாடலின் கானவனை உரைநூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். நாய்கொண்டு ஆடும் வேட்டையில் அறம் பிறக்கும் இடம், விலங்கு நின்றதற்கும் படைக்கலம் செல்வதற்கும் இடைப்பட்ட பொழுது. கபிலரும் சேக்கிழாரும் உவமையை அப்பொழுதிலேயே வைத்துள்ளனர். குறிஞ்சிப்பாட்டில் அடக்கப்பட்ட நாய்கள் தலைவனின் தகுதிக்குச் சான்றாகின்றன. அகநானூறு 248இல் கானவனும் அன்னையும் ஒரே வினையால் பிணைக்கப்பட்டு, எய்யாமை உள்ளுறையின் மையமாகிறது. கண்ணப்ப நாயனார் புராணத்தில் நாய் பொறிகளாகவும் விலங்கு உயிராகவும் மாறுகின்றன.

நடுகற்களோடு இணைத்துக் காண்பது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையலாம். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சுட்டி, அதன் உருவத்தையும் தலைவனருகே செதுக்கியுள்ளது. இங்கு ஆராயப்பட்ட பாடல்களுள் எந்த நாய்க்கும் பெயரில்லை. பெயரற்ற அந்நாய்கள் விலங்குகளை நிறுத்தித் தந்த பொழுதில்தான் கபிலரின் கானவன் எதிரே நின்றதன் முகத்தைக் கண்டான்.